அழைக்கும் கோடை விழா, தடுக்கும் இ-பாஸ்: உதகையும் மாத்தேரானும் தேடும் சமநிலை

மும்பை: மலர்க் கண்காட்சி நடத்தி மக்களை மலைக்கு அழைக்கிறது அரசு. அவ்வாறு வரும் வாகனங்களுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்கிறது நீதிமன்றம். வரம்பை நீக்கக் கோரிக் கடைகளை அடைக்கின்றனர் வணிகர்கள். நீலகிரி மாவட்டத்தில் 2025-ஆம் ஆண்டுக் கோடைப் பருவம் இம்மூன்றுக்கும் இடையில்தான் கடந்து சென்றது.

அதே ஆண்டில், மும்பைக்கு மிக அருகிலுள்ள மலை வாசத்தலமான மாத்தேரானில் நேர்மாறான வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. மோட்டார் வாகனங்களே அனுமதிக்கப்படாத அந்த ஊரில், மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவுக்கு முடிவு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஓர் ஊர் வாகனப் பெருக்கத்தால் திணறுகிறது. மற்றோர் ஊர் வாகனமின்மைக்கு மனித உழைப்பை விலையாகக் கொடுத்து வந்திருக்கிறது. ஒரு மலை எத்தனை பேரைத் தாங்கும், அந்தச் சுமையை யார் சுமப்பது என்ற கேள்வி இரண்டுக்கும் பொதுவானது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறையில் இவ்விரு மலைகளுக்கும் செல்பவை என்பதால், இந்த விவகாரம் அவர்களுக்கும் தொலைவானதன்று.

கோடைத் தலைநகரங்களாகப் பிறந்த ஊர்கள்

இந்திய மலை நகரங்கள் பலவும் ஆங்கிலேயர் வெயிலுக்கு அஞ்சி ஏறிய இடங்களே. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் உதகையில் குடியிருப்பை உருவாக்கி, ஏரியையும் அமைத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராக உதகை விளங்கியது.

பம்பாய் மாகாணத்தில் அதே இடத்தை வகித்தது மகாபலேஷ்வர். மாகாண ஆளுநர் ஜான் மால்கம் 1820-களின் இறுதியில் அதனை வளர்த்தெடுத்தார். மாத்தேரான் சற்றுப் பிந்தையது. தாணே ஆட்சியர் ஹியூ மேலட் 1850-இல் அம்மலையை அடையாளம் கண்டார். ஆளுநர் எல்பின்ஸ்டன் காலத்தில் அது மலை வாசத்தலமாக உருப்பெற்றது.

சில நூறு அதிகாரிகளும் அவர்களது குடும்பத்தினரும் தங்குவதற்காகவே இவ்வூர்களின் சாலைகளும் நீர்நிலைகளும் திட்டமிடப்பட்டன. இன்று அதே குறுகிய சாலைகளில் பல்லாயிரம் வாகனங்கள் ஏறுகின்றன. நெருக்கடியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாதம் நீளும் திருவிழா

நீலகிரியில் மே மாதம் முழுவதும் கோடை விழா மாதமாகும். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைத் திரவியக் கண்காட்சி, உதகை விஜயநகரம் பகுதியிலுள்ள ரோஜாப் பூங்காவில் ரோஜாக் கண்காட்சி, அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. தோட்டக்கலைத் துறையும் மாவட்ட நிர்வாகமும் இவற்றுக்குப் பொறுப்பேற்கின்றன.

இவற்றில் தலையாயது மலர்க் கண்காட்சி. 1848-இல் தொடங்கப்பட்டு, வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவரால் வடிவமைக்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இது நடைபெற்று வருகிறது. கண்காட்சியின் நூற்றாண்டை முன்னிட்டு 1995-இல் உருவாக்கப்பட்டதுதான் ரோஜாப் பூங்கா. 127-ஆவது மலர்க் கண்காட்சியை 2025 மே 15 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சோழர் காலத்தை நினைவூட்டும் மலர் வடிவங்கள் அதில் இடம்பெற்றன.

கொடைக்கானலில் பிரையண்ட் பூங்கா, ஏற்காட்டில் அண்ணா பூங்கா என மற்ற மலை நகரங்களிலும் மே மாதத்திலேயே விழாக்கள் நடக்கின்றன. மகாராஷ்டிரமும் இதில் பின்தங்கவில்லை. அம்மாநிலச் சுற்றுலாத் துறை 2025 மே 2 முதல் 4 வரை மகாபலேஷ்வரில் 'மகா பர்யடன் உற்சவ்' என்ற பெயரில் சுற்றுலா விழாவை நடத்தியது. மகாபலேஷ்வர்–பஞ்ச்கனி பகுதி 2001-ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. மலையைக் காக்க ஓர் அறிவிக்கை, மலைக்கு அழைக்க ஒரு விழா என்ற முரண் தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று.

நீதிமன்றம் தலையிட்டது ஏன்?

பருவ நாள்களில் நீலகிரிக்குள் நாளொன்றுக்கு 20,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் நுழைகின்றன என்ற தகவல் 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை கார்கள். பருவம் அல்லாத நாள்களில் வருபவற்றைப் போல் இது பல மடங்கு அதிகம்.

இதையடுத்து, நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கரோனா காலத்தில் பழகிய ஏற்பாடு, மலைகளுக்காக மீண்டும் கையிலெடுக்கப்பட்டது.

முதல் ஆண்டில் இ-பாஸ் என்பது பெரும்பாலும் ஒரு கணக்கெடுப்பாகவே இருந்தது. விண்ணப்பித்தவர்களுக்கு அனுமதி கிடைத்தது. யார் வருகிறார், எந்த வாகனத்தில் வருகிறார், எத்தனை நாள் தங்குகிறார் என்ற விவரம் அரசுக்குக் கிடைத்தது. இரண்டாம் ஆண்டில்தான் வரம்பு வந்தது. நீதிபதிகள் என்.சதீஷ்குமார், டி.பரத சக்கரவர்த்தி அமர்வு 2025 மார்ச்சில் பிறப்பித்த உத்தரவின்படி, நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்களும் வார இறுதியில் 8,000 வாகனங்களும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 என வரையறுக்கப்பட்டது. ஏப்ரல் முதல் ஜூன் இறுதி வரை இது பொருந்தும் எனக் கூறப்பட்டது. உள்ளூர் வாகனங்கள், பொதுப் போக்குவரத்து, அத்தியாவசியப் பொருள்களை ஏற்றிவரும் வாகனங்கள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

மலைகளின் தாங்குதிறன் குறித்துச் சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகிய நிறுவனங்கள் ஆய்வு செய்யும் ஏற்பாடும் இதே வழக்கில் உருவானது. ஆக, தற்போதைய எண்கள் இடைக்கால எண்களே. ஆய்வு முடிவு வரும்வரை மலையின் உண்மையான வரம்பு எது என்பதற்கு இறுதி விடை இல்லை.

கடையடைப்பின் பின்னணி

இந்த உத்தரவுக்கு எதிராக 2025 ஏப்ரல் 2 அன்று நீலகிரியில் வணிகர் அமைப்புகள் 24 மணி நேரக் கடையடைப்பில் ஈடுபட்டன. இ-பாஸ் முறையை ரத்து செய்ய வேண்டும் என்பது அவர்களது முதன்மைக் கோரிக்கை. மாநில அரசும் உத்தரவை மறுஆய்வு செய்யக் கோரி நீதிமன்றத்தை அணுகியது.

வணிகர்களின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நீலகிரியின் பொருளாதாரம் நீண்ட காலமாகத் தேயிலையையும் மலைக் காய்கறிகளையும் நம்பியிருந்தது. பச்சைத் தேயிலை விலை சிறு விவசாயிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பது அங்கு பல ஆண்டுகளாக ஒலிக்கும் குரல். இந்த நிலையில் சுற்றுலாவே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. தங்கும் விடுதி உரிமையாளர்களைப் பற்றியது மட்டுமல்ல இது. வாடகைக் கார் ஓட்டுநர், ஏரிக்கரையில் குதிரை வைத்திருப்பவர், வர்க்கியும் தைலமும் விற்பவர், சாலையோரத்தில் கேரட் கட்டு விற்கும் பெண் என அனைவருக்கும் ஏப்ரல், மே மாதங்களின் வருமானமே ஆண்டின் பெரும்பகுதிச் செலவைத் தாங்குகிறது.

எனினும், வரம்பில்லாத பருவத்தால் பாதிக்கப்படுவதும் இதே மக்கள்தான். பருவ காலத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறும் வாகனங்கள் கோத்தகிரி வழியாகத் திருப்பி இறக்கப்படுகின்றன. இந்த ஒருவழி ஏற்பாட்டிலும் நெரிசல் குறைவதில்லை. மருத்துவமனைக்குச் செல்லும் உள்ளூர் நோயாளியும், சந்தைக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் விவசாயியும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை ஏறத்தாழ 7.35 லட்சம், உதகை நகராட்சியின் மக்கள்தொகை 90,000-க்கும் குறைவு. அத்தகைய ஊருக்கு வார இறுதியில் 8,000 வாகனங்களில் தலா நால்வர் வந்தாலும் 32,000 பேர் கூடுதலாகச் சேர்கின்றனர். அவர்களுக்கும் அதே குழாயில்தான் தண்ணீர். அவர்களது குப்பையும் அதே மலையில்தான்.

மாத்தேரான்: சக்கரத்துக்கு மாற்றாக மனிதர்கள்

மும்பைத் தமிழர்களுக்கு மாத்தேரான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தாராவியில் வசிப்போர் சயான் நிலையத்திலோ தாதரிலோ, செம்பூரில் வசிப்போர் குர்லாவுக்கு வந்தோ கர்ஜத் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால் நேரலில் இறங்கலாம். அங்கிருந்து மலைக்கு இரண்டடி அகல இருப்புப் பாதையில் சிறு ரயில் ஓடுகிறது. ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தினரின் முயற்சியால் 1907-இல் அது தொடங்கப்பட்டது.

சாலை வழியாக வருவோரின் வாகனங்கள் தஸ்தூரி நாக்காவில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து கடைவீதி வரை நடை, குதிரை, கைரிக்‌ஷா ஆகியவையே பல தலைமுறைகளாக வழக்கில் இருந்தன. 2003-இல் மாத்தேரான் சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவிக்கப்பட்டபோது மோட்டார் வாகனத் தடை சட்ட வலுப் பெற்றது. மருத்துவ ஊர்தி, தீயணைப்பு ஊர்தி போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு.

இதனால் செம்மண் பாதைகளும் காடும் பெருமளவு காப்பாற்றப்பட்டன. ஆனால், முதியோரையும் மூட்டை முடிச்சுகளையும் மேட்டில் இழுத்துச் சென்றவர்கள் கைரிக்‌ஷாத் தொழிலாளர்கள். உரிமம் பெற்றவர்கள் 94 பேர் எனக் கணக்கிடப்பட்டது. தங்களுக்கு மின்கல ரிக்‌ஷா வேண்டும் என்று அவர்கள் நீண்ட காலமாகக் கோரி வந்தனர். அதனை மற்றொரு பிரிவினர் எதிர்த்தனர். மின்கல வண்டி வந்தால் குதிரை வைத்திருப்போரின் பிழைப்பு போய்விடும் என்பது ஓர் அச்சம். ஒரு முறை சக்கரத்துக்குக் கதவு திறந்தால் அது மூடாது என்பது மற்றோர் அச்சம்.

2022 டிசம்பரில் மின்கல ரிக்‌ஷாக்களின் சோதனை ஓட்டம் தொடங்கியது. பின்னர் 20 வண்டிகள் என்ற அளவில் அனுமதி தரப்பட்டது. தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஆகஸ்ட் 6 அன்று இந்த வழக்கில் உத்தரவு பிறப்பித்தது. கைரிக்‌ஷா முறை மனித மாண்புக்கு எதிரானது. ஆறு மாதங்களுக்குள் படிப்படியாக அதனை நிறுத்த வேண்டும். குஜராத்தின் கேவடியாவில் உள்ளதைப் போன்ற திட்டத்தின் மூலம் இத்தொழிலாளர்களுக்கு மின்கல ரிக்‌ஷா கிடைக்கச் செய்ய வேண்டும். நிதி இல்லை என்பதைக் காரணமாகக் கூறக் கூடாது என்பது அந்த உத்தரவின் சாரம். தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரையிலான முதன்மைப் பாதையில் மட்டும் பேவர் கற்கள் பதிக்கலாம், உள்பாதைகளில் கூடாது என்றும் நீதிமன்றம் வரையறுத்தது.

பஞ்சாபில் சைக்கிள் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் தொடர்ந்த வழக்கில் 1980-இல் வந்த தீர்ப்பை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதற்கு 45 ஆண்டுகளுக்குப் பின்னரும், நாட்டின் நிதித் தலைநகருக்கு இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் கைரிக்‌ஷா நீடித்தது என்பதே இவ்வழக்கின் கனமான செய்தி.

இரு ஊர்களும் ஒரு மாத இடைவெளிக்குள் கடையடைப்பைக் கண்டன என்பதும் கவனிக்கத்தக்கது. 2025 மார்ச் மாதத்தில் மாத்தேரானில் வணிகர்களும் சுற்றுலாத் துறையினரும் கடைகளை அடைத்தனர். நுழைவாயிலில் சிலர் தவறான தகவல் கூறிப் பயணிகளை ஏமாற்றுகின்றனர், இதனால் ஊரின் பெயர் கெடுகிறது என்பது அவர்களது புகார். நீலகிரியில் நுழைவுக் கட்டுப்பாட்டுக்கு எதிராகக் கதவு மூடியது. மாத்தேரானில் நுழைவாயில் ஒழுங்காக இல்லை என்பதற்காகக் கதவு மூடியது.

எண்ண வேண்டியது வாகனத்தையா, மனிதரையா?

இ-பாஸ் முறையின் அடிப்படைக் குறை, அது வாகனங்களை எண்ணுகிறது என்பதே. ஒருவர் மட்டும் வரும் காரும் ஐம்பது பேர் வரும் பேருந்தும் அதன் கணக்கில் ஒன்றுதான். மேலே கூறிய 32,000 பேரையும் ஐம்பது இருக்கைப் பேருந்துகளில் ஏற்றினால் 640 நடைகள் போதும். அதாவது, வருவோரின் எண்ணிக்கையைக் குறைக்காமலேயே சாலையில் வாகனங்களைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்க முடியும். வணிகருக்கு வாடிக்கையாளரும் குறையமாட்டார். மலைக்கு நெரிசலும் கூடாது.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் நகரம் இவ்வழியில் செல்கிறது. அங்கு செல்வோர் டேஷ் என்ற அடிவார ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில் ஏற வேண்டும். நகருக்குள் மின்கல வண்டிகளே ஓடுகின்றன. இமாசலப் பிரதேசத்தின் ரோத்தாங் கணவாயில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாளொன்றுக்கு இத்தனை வாகனங்கள் என வரம்பு விதித்து, அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. பூடான் வெளிநாட்டுப் பயணிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று ஒவ்வோர் இரவுக்கும் கட்டணம் வசூலிக்கிறது. கட்டண வழி கூட்டத்தைக் குறைக்கும். ஆனால் ஏழைகளையே முதலில் வடிகட்டும். தாராவியில் தோல் பட்டறையில் உழைக்கும் ஒரு குடும்பம் ஆண்டுக்கொரு முறை மலையைப் பார்க்க விரும்பினால், அதற்குத் தடையாக இருக்கும் வழி இந்தியாவுக்கு ஏற்றதாகாது.

நீலகிரிக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் எட்டிய மலை ரயில், 46 கிலோமீட்டர் பாதையில் இன்றும் ஓடுகிறது. 2005-இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் அந்த ரயிலால் பருவக் கூட்டம் முழுவதையும் சுமக்க இயலாது. ஆனால் அடிவாரத்தில் பெரிய வாகன நிறுத்துமிடம், அங்கிருந்து அடிக்கடி பேருந்து, அத்துடன் இணைந்த ரயில் என்ற ஏற்பாடு கோடை விழாவுக்கு முன்பே தயாரானால் இ-பாஸ் வரம்பு இத்தனை கசப்பாக இராது.

நீலகிரியால் இயலாததன்று இது. கண்ணாடிப் பாட்டில்கள் காட்டில் வீசப்பட்டு யானைகளின் கால்களைக் கிழிப்பது குறித்த வழக்கில் உயர் நீதிமன்றம் தலையிட்டதை அடுத்து, டாஸ்மாக் கடைகளில் காலிப் பாட்டிலைத் திரும்பப் பெற்று 10 ரூபாய் தரும் திட்டம் 2022 மே மாதத்தில் முதலில் தொடங்கப்பட்டது நீலகிரியில்தான். பின்னர் அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. நெகிழித் தடையிலும் நாட்டுக்கு முன்னோடியாக நின்ற மாவட்டம் அது. வசதியான மாற்று ஒன்றைக் கையில் கொடுத்தால் மக்கள் ஏற்கின்றனர் என்பதையே இது காட்டுகிறது.

விழா நாள்களை விரித்தால்?

மற்றொரு தீர்வு விழா நாள்காட்டியில் இருக்கிறது. ஐந்து கண்காட்சிகளும் ஒரே மாதத்தில், அதுவும் வார இறுதிகளை ஒட்டி நடப்பதால் கூட்டமும் அந்நாள்களிலேயே குவிகிறது. உதகையில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இரண்டாம் பருவம் உண்டு. கண்காட்சிகளில் ஒன்றிரண்டை அப்பருவத்துக்கு மாற்றினால் கூட்டம் பரவும். வணிகரின் வருமானமும் இரண்டு மாதங்களில் முடிந்துவிடாது.

மே மாத இறுதியை நம்புவதில் வானிலைச் சிக்கலும் இருக்கிறது. 2025-இல் தென்மேற்குப் பருவமழை வழக்கத்தைவிட முன்னதாகவே தொடங்கியது. மே 25, 26 தேதிகளில் நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டு, சுற்றுலாத் தலங்கள் மூடப்பட்டன. 2009 நவம்பரில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த மாவட்டம் அது. கனமழையும் சுற்றுலாக் கூட்டமும் ஒரே நாளில் சந்திக்கும் நிலை இனி விதிவிலக்காக இராது என்று கருதியே திட்டமிட வேண்டியிருக்கிறது.

மும்பைப் பயணிகள் கவனிக்க வேண்டியவை

மகாராஷ்டிரப் பள்ளிகளின் விடுமுறை ஜூன் நடுப்பகுதி வரை நீள்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களைப் பூர்வீகமாகக் கொண்ட தாராவித் தமிழர்கள் பலர், ஊர்த் திருவிழா முடிந்ததும் வேன் எடுத்துக் கொடைக்கானலோ உதகையோ சென்று வருவது வழக்கம். இத்தகைய வாடகை வேனுக்கும் வெளிமாநிலப் பதிவெண் கொண்ட காருக்கும் இ-பாஸ் தேவை. கைப்பேசி எண்ணைக் கொண்டு இணையத்தில் பதிவு செய்தால் கட்டணமின்றிக் கிடைக்கும். பயணிகள் எண்ணிக்கை, வாகன எண், தங்கும் நாள்கள், தங்குமிடம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும். வரம்பு நடைமுறையில் இருக்கும்போது, வார இறுதிக்கான அனுமதி கடைசி நேரத்தில் கிடைக்கும் என்று நம்பிப் புறப்படுவது உசிதமன்று.

அரசுப் பேருந்திலோ ரயிலிலோ செல்வோருக்கு இ-பாஸ் தேவையில்லை. லோக்மான்ய திலக் முனையத்திலிருந்து கோவை செல்லும் விரைவு ரயிலில் சென்று, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பேருந்தில் ஏறுவது செலவிலும் சிக்கனமானது. மாத்தேரான் செல்வோர், மழைக்காலத்தில் நேரலிலிருந்து செல்லும் மலை ரயில் நிறுத்தப்படும் என்பதையும், அமன் லாட்ஜ்–மாத்தேரான் இடையிலான குறுகிய சேவை மட்டும் தொடரும் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

அடுத்து என்ன?

தாங்குதிறன் ஆய்வின் முடிவு, அதன் அடிப்படையில் நீதிமன்றம் நிர்ணயிக்கவிருக்கும் எண்ணிக்கை ஆகிய இரண்டையும் நீலகிரி எதிர்நோக்கியுள்ளது. மாத்தேரானில் 94 தொழிலாளர்களுக்கும் வண்டி சென்று சேர்கிறதா என்பதே உச்ச நீதிமன்ற உத்தரவின் உரைகல்லாக இருக்கும்.

இரு வழக்குகளிலும் முடிவெடுத்தவை நீதிமன்றங்களே. விழாவை நடத்தும் அரசுகள், வருவோருக்கான பேருந்தையும் நிறுத்துமிடத்தையும், சுமப்போருக்கான மாற்றுத் தொழிலையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் நீதிமன்றம் எண் குறிக்க வேண்டிய தேவையே எழுந்திராது. அடுத்த மலர்க் கண்காட்சிக்கான விதைகளும் நாற்றுகளும் பல மாதங்களுக்கு முன்பே தொட்டிகளில் நடப்படுகின்றன. அதே முன்னேற்பாடு சாலைக்கும் கிடைக்குமா என்பதை வரும் கோடை சொல்லிவிடும்.